ஆவி பிடித்த பால்

கல்யாண ரிசப்ஷனில், மேடையேறி கவர் கொடுத்துவிட்டுப் பந்திக்கு நகரும் வழியில், ஒரு மூலையில் பளபளவென்று அந்த மெஷின் நிற்கும். பக்கவாட்டில் வளைந்து இறங்கும் ஒரு குழாய். அதை இயக்குபவர் குவளையில் பாலை ஊற்றி, இன்ஸ்டன்ட் காபித்தூளும் சர்க்கரையும் போட்டுக் குழாய் முனையை உள்ளே விட்டு வால்வைத் திருகுவார். நாகஸ்வரக்காரரே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒரு சத்தம் வரும். நுரை ததும்பும் கப்பின்மேல் சாக்லேட் பொடி தூவி நீட்டுவார். பலகையில் ‘எஸ்பிரெஸோ காபி’ என்று எழுதியிருக்கும்.

அதில் எஸ்பிரெஸோ ஒரு சொட்டுகூடக் கிடையாது. இத்தாலியில் அந்தப் பெயர், பொடித்த காபிக்கொட்டை வழியாக ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி இறக்கும் ஒரு மிடறு டிகாக்‌ஷனுக்கு உரியது. அந்த மெஷினில் பாதியை, அதாவது நீராவிப் பாதியை மட்டும், நாம் மண்டபத்துக்கு எடுத்து வந்துவிட்டோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. எஸ்பிரெஸோவின் வரலாறே நீராவியில்தான் தொடங்குகிறது. மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸேரா 1901இல் காப்புரிமை பெற்ற மெஷின், 1906இல் அதே ஊர்ப் பொருட்காட்சியில் கூட்டம் சேர்த்த மெஷின், இரண்டுமே பாய்லரில் திரளும் ஆவியின் அழுத்தத்தைக் கொண்டே காபியை இறக்கின. வேகம் இருந்தது, கூடவே கருகிய கசப்பும் இருந்தது. அகீலே காஜியா 1948இல் கொண்டுவந்த நெம்புகோல் மெஷின், அந்த அழுத்தத்தைச் சுருள்வில்லிடம் ஒப்படைத்தது. காபியிலிருந்து துரத்தப்பட்ட நீராவிக்குப் பாலில் மட்டும் வேலை மிச்சமிருந்தது. இன்று சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கும் வீட்டு மெஷினிலும் அதன் வேலை அதுதான்.

அந்த வேலையை நான் முதல் வாரம் முழுக்கக் கெடுத்தேன். ஒரு நாள் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது. மறுநாள் கொதிக்கக் கொதிக்க, நுரையே இல்லாத பால். அதற்கு அடுத்த நாள் சோப்புத் தண்ணீர் மாதிரி விரலளவுக் குமிழ்கள். அடியில் வெறும் சுடுபால். மெஷினை மாற்றாமலே இது சரியானது. மாற வேண்டியிருந்தது, குழாய்க்குள்ளிருந்து வருவது பாலில் என்ன செய்கிறது என்பதைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது.

நான் நினைத்திருந்தது இது: ஆவி பாலுக்குள் புகுந்து குமிழாகிறது, குமிழ் சேர்ந்து நுரையாகிறது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முழுத் தப்பு.

இட்லிச் சட்டியைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டவர்களுக்குத் தெரியும், கொதிநீர் தெறித்ததைவிட அது மோசம். இரண்டுமே 100 டிகிரிதான், ஆனாலும் ஆவி சுடுகிற சூடு வேறு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1760களில் ஜோசப் பிளாக் இந்த வித்தியாசத்தை அளந்தார். அவர் வழியை நீங்களும் அடுப்பில் செய்து பார்க்கலாம். ஒரே தீயில் வைத்த தண்ணீர் 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர 4 நிமிடம் ஆகிறது என்றால், அது முழுக்க வற்றுவதற்கு மேலும் 27 நிமிடம் போல ஆகும். அந்த 27 நிமிடமும் வெப்பமானி 100ஐத் தாண்டாது. அடுப்பு கொடுத்த அத்தனை வெப்பமும், நீரை ஆவியாக்குவதற்கே செலவாகி ஆவிக்குள் மறைந்திருக்கிறது. பிளாக் அதற்கு வைத்த பெயர் உள்ளுறை வெப்பம். ஆவி ஏதாவது குளிர்ந்த பொருளின்மேல் பட்டு மறுபடி நீரானால் ஒளிந்திருந்தது மொத்தமும் வெளியே வரும். இட்லி வேகுவது அப்படித்தான். கை வெந்துபோவதும் அப்படித்தான்.

பாலுக்கு வருவோம். ஒரு கப்புக்கு 150 கிராம் பால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் 5 டிகிரி. அதை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 32 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீராவி நீராகி 60 டிகிரிக்கு இறங்கும்போது 2.4 கிலோஜூலைக் கொடுத்துவிடுகிறது. வகுத்தால் 13 கிராம் ஆவி போதும். இதே வேலையைக் கொதிநீரை ஊற்றிச் செய்ய நினைத்தால் 190 கிராம் ஊற்ற வேண்டியிருக்கும். பாலைவிடத் தண்ணீர் அதிகமாகும். தண்ணீர் கலந்ததாகப் பால்காரர்மேல் பழிபோடவும் முடியாது. சமையலறைத் தராசு இருந்தால் ஜக்கை ஆவி விடுமுன் ஒரு தடவை, விட்டபின் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். 150 கிராம் 165ஐ ஒட்டி நிற்கும். கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது, ஆவியோடு சேர்ந்தே வந்த நீர்த்துளிகள்.

அந்த 13 கிராம் நீர் ஆவியாக இருந்தபோது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கும்? கொதிநிலையில் ஒரு கிராம் ஆவிக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். மொத்தம் 22 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். அந்தக் கேனையும் தாண்டிய அளவு ஆவி, ஒரு கைப்பிடி ஜக்கில் இருக்கும் பாலுக்குள் போய்க் காணாமல் போகிறது. குளிர்ந்த பாலைத் தொட்ட கணத்தில் ஒவ்வொரு ஆவிக்குமிழும் சுருங்கி ஒரு துளி நீராகி நொறுங்குகிறது. வெந்நீர் போடும்போது கொதி வருவதற்குச் சற்று முன்னால் பாத்திரம் ‘ஙொய்’ என்று இரையுமே, அதுவும் இந்த நொறுங்கல்தான்: அடியில் பிறந்த ஆவிக்குமிழ்கள் மேலே உள்ள குளிர்ந்த நீரில் ஏறியதும் உடைகின்றன. நன்றாகக் கொதிக்கத் தொடங்கியதும் உடைய இடமில்லாமல் சத்தம் தணிந்துவிடும். குழாயை ஆழமாகப் பாலுக்குள் விட்டு வால்வைத் திறந்தால் வரும் கிறீச்சென்ற கதறலும் இதே வகையே.

ஆக, நுரைக்குள் ஆவி இல்லை. இருப்பது நம்மைச் சுற்றி இருக்கும் சாதாரணக் காற்று. 150 மில்லி பால் மூன்றில் ஒரு பங்கு உப்ப வேண்டும் என்றால் 50 மில்லி காற்று உள்ளே போனால் போதும். 22 லிட்டர் ஆவி தன் வெப்பத்தையும் உந்துதலையும் விட்டுவிட்டு மறைகிறது. அரை டம்ளருக்கும் குறைவான காற்று தங்குகிறது. குழாய் முனை பாலின் மேற்பரப்பில் உரசிக்கொண்டிருந்தால், சீறும் ஆவி பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாயும். முனையை ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் காற்று நின்றுபோய் வெப்பம் மட்டும் போகும். ஒரே குழாய்க்கு இப்படி இரண்டு வேலை. எந்த நேரத்தில் எந்த வேலை நடக்கிறது என்று கைக்குத் தெரியாமல் போனதால்தான் என் மேடை பாலில் மிதந்தது.

கைக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். முனை சரியாக மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஜவுளிக்கடையில் ஜாக்கெட் பிட் கிழிக்கும்போது வருகிற ‘சர்ர்’ என்ற சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். அதுதான் காற்று உள்ளே போகும் சத்தம். நாலைந்து விநாடி, வீட்டு மெஷினில் பத்து விநாடி வரை, அது கேட்டால் போதும். கலகலவென்று பெரிய கொப்புளங்கள் வெடித்தால் முனை மேலே ஏறிவிட்டது. கதறினால் அதிகமாக இறங்கிவிட்டது. பால் உப்ப உப்ப மட்டம் உயரும். அதற்கேற்ப ஜக்கை மயிரிழை மயிரிழையாகக் கீழே இறக்க வேண்டும். ஜக்கின் வெளிப்புறம் கைச்சூட்டுக்கு வந்ததும், அதாவது 37 டிகிரியை ஒட்டி, காற்று விடுவதை நிறுத்திவிட்டு முனையைச் சற்று அமிழ்த்தி, ஜக்கைச் சாய்த்து, நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாகப் பிடித்தால் பால் சுழல ஆரம்பிக்கும்.

அந்தச் சுழல்தான் இந்தக் கலையில் பாதி. உள்ளே போன காற்று முதலில் பெரிய குமிழ்களாகவே இருக்கும். சுழலும் பால் அவற்றை இழுத்து, பிய்த்து, மேலும் பிய்த்துப் பொடியாக்குகிறது. குமிழின் விட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் கண்ணுக்குத் தனித்தனியாகப் பிடிபடாது. மேற்பரப்பு அப்போதுதான் அடித்த பெயின்ட் போல மினுங்கும். கணக்குப் போட்டால் அந்த 50 மில்லி காற்றில் இத்தகைய குமிழ்கள் ஒன்பது கோடிக்கு மேல் தேறும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி.

ஒன்பது கோடிக் குமிழ்களின் தோல்களையெல்லாம் உரித்து விரித்தால் 3 சதுர மீட்டர் வரும், பாதிப் புடவை அளவு. அந்தப் பாதிப் புடவைப் பரப்பையும் பூசி மெழுகுவது பாலின் புரதம். பசும்பாலில் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி மோர்ப்புரதம். ஒவ்வொரு புரதத்திலும் தண்ணீரை விரும்பும் பகுதியும் உண்டு, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் பகுதியும் உண்டு. காற்றும் நீரும் சந்திக்கும் எல்லை அதற்குக் கிடைத்த திண்ணை: ஒதுங்கும் பகுதியைக் காற்றுப் பக்கம் நீட்டி, விரும்பும் பகுதியை நீரில் நனைத்து, நூல்கண்டு பிரிவதுபோலப் பிரிந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு சதுர மீட்டருக்குச் சில மில்லிகிராம் புரதமே செலவாகும். ஜக்கில் இருப்பதோ 5 கிராம். ஆகவே நுரை நிற்காமல் போவதற்குக் காரணம் புரதப் பஞ்சம் அல்ல. புரதம் வந்து உட்காரும் முன்னே வேறு யாரோ துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள்.

அந்த வேறு யாரோ, கொழுப்பு. குளிர்கால நெய்யை நினைத்துக்கொள்ளுங்கள்: உறைந்தும் உறையாமலும் மணல் மணலாக இருக்கும். பால்கொழுப்பும் 20 டிகிரிக்கு மேல், 40ஐ எட்டும்வரை, அப்படி அரைகுறை நிலையில் இருக்கிறது. அதன் படிகங்கள் குமிழின் தோலைக் குத்தி உடைக்கும், கொழுப்புருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பவர்கள் வேண்டி விரும்பிச் செய்வது இதைத்தான். மத்தும் நீராவிக் குழாயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்கு நுரை உடைந்து கொழுப்பு திரள வேண்டும், மற்றதற்குக் கொழுப்பு திரளாமல் நுரை நிற்க வேண்டும். பாலைச் சில்லென்று எடுத்து, இந்த இடைவெளியை விறுவிறுவென்று கடந்துவிடுவது ஒரு தப்பிக்கும் வழி. இன்னொரு வழியைப் பிரான்ஸ் நாட்டு அகஸ்ட் கோலன் 1899இல் காட்டினார். பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்துளை வழியாகச் செலுத்தி, மூன்று நான்கு மைக்ரோமீட்டர் கொழுப்புருண்டையை ஒன்றுக்கும் கீழே நொறுக்கும் இயந்திரம் அது. பாக்கெட்டில் ‘ஹோமோஜினைஸ்டு’ என்று இருந்தால் அந்த வேலை நடந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பாலில் ஏடு கனமாகக் கட்டாது.

எந்தப் பாக்கெட் வாங்குவது என்று கேட்பீர்கள். டோன்டு பாலில் 3 சதவீதம் கொழுப்பு, ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் கிரீமில் 6. கொழுப்பு குறையக் குறைய நுரை விறைப்பாக எழும், வாயில் வெறுமையாக இருக்கும். கூடக் கூட நுரை அடங்கும், நாக்கில் வழவழப்பு ஏறும். என் கட்சி 4.5. ஃபுல் கிரீம் பாலில் காபி போட்டால் காபியே காணாமல் போகிறது. எதை வாங்கினாலும் புதிதாக வாங்குங்கள். வைத்து வைத்துப் பழசான பாலில் கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிந்திருக்கும்; குமிழின் தோலில் இடம் பிடிப்பதில் புரதத்தைவிட அவை கெட்டி. அப்படிப்பட்ட பாலில் எத்தனை நேரம் ஆவி விட்டாலும், சோடா போலச் சிறு சத்தத்தோடு நுரை உடைந்துகொண்டே இருக்கும். கை சரியில்லை என்று நான் மூன்று நாள் வருந்தியிருக்கிறேன், பால் சரியில்லை.

சரி, மெஷின். வீட்டு மெஷின்களில் ஆவி பிறக்கும் விதம் இரண்டு. ஒன்று, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது: உலோகக் கட்டிக்குள் ஓடும் குறுகிய பாதையில் பம்ப் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைத் தள்ள, அது அங்கேயே சீறி ஆவியாகும். மற்றது பாய்லர், அதாவது குக்கர். உவமைக்காகச் சொல்லவில்லை. விசில் வரும் நேரத்தில் குக்கருக்குள் வெளிக்காற்றைவிட ஒரு மடங்கு கூடுதல் அழுத்தம், 120 டிகிரி வெப்பம். காபிக்கடைப் பாய்லரிலும் கிட்டத்தட்ட அதேதான். வால்வைத் திறந்ததும் அழுத்தம் இறங்கும். அவ்வளவு சூட்டில் நீராக இருக்க முடியாமல் தண்ணீரின் ஒரு பகுதி குபீரென்று ஆவியாகும். கடைப் பாய்லரில் 10 லிட்டர் தண்ணீர் இருந்தால் சூடு 6 டிகிரி இறங்குவதற்குள் 100 கிராமுக்கு மேல் ஆவி கிடைத்துவிடும், எட்டு கப்புக்குக் காணும். வீட்டு மெஷினின் சின்னப் பாய்லரில் 300 மில்லி இருந்தால், 140 டிகிரியிலிருந்து 115க்கு விழுந்தாலும் 14 கிராம்தான். ஒரு கப்புக்குச் சரி. அடுத்த கப்புக்கு ஹீட்டர் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் ஆவேசமாக வந்து பிறகு முனகலாகக் குறையும் ஆவிக்கு இதுவே காரணம்; மெஷின் பழுது என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டாம்.

சேமிப்பே இல்லாத தோசைக்கல் வகையில் ஹீட்டரின் வாட் அளவே எல்லை. 1000 வாட் ஹீட்டர் நமக்கு வேண்டிய 13 கிராம் ஆவியைத் தர 34 விநாடி ஆகும். கடையில் 10, 15 விநாடியில் முடிவது இங்கே அரை நிமிடத்தைத் தாண்டும். இதை ஒரு குறையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். கற்றுக்கொள்பவருக்கு இது வரம் என்பேன். கடை மெஷினில் தப்பை உணர்வதற்குள் பால் கொதித்துவிடும். வீட்டில் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது. உண்மையான குறை, மெல்லிய ஆவிக்குப் பாலைச் சுழற்றும் பலம் போதாது என்பது. அதற்குச் சின்ன ஜக், ஒரு கப்புக்கு மேற்படாத பால். பல வீட்டு மெஷின்களில் குழாய்க்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, அதில் பொட்டுத் துளை ஒன்று போட்டிருப்பார்கள். அந்தத் துளை வழியே கடைசிவரை காற்று போய்க்கொண்டே இருக்கும். கையை அசைக்காமலே நுரை வரும், ஷேவிங் நுரை. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது? ஜக்கைப் பிடித்த கை தாங்காமல் விலகும் கட்டம் 50 டிகிரியை ஒட்டி இருக்கும். அதன்பின் சில விநாடிகள், 60இலிருந்து 65க்குள் வால்வை மூடிவிட வேண்டும். 70ஐத் தாண்டினால் மோர்ப்புரதம் பிரியத் தொடங்கி, அதில் அடங்கியிருந்த கந்தகம் வெளிப்பட்டு, காய்ச்சிய பால் வாசனை வரும். இத்தாலிக்காரருக்கு அது குற்றம். நமக்கோ அது வீட்டு வாசனை. டிகாக்‌ஷனில் கொதிக்கும் பாலை ஊற்றியே வளர்ந்தவர்கள். ஆகவே 65 என்பதில் நாக்குப் பழக்கமும் கலந்திருக்கிறது. ‘சூட்டில் பால்சர்க்கரை உடைந்து இனிப்பு கூடுகிறது’ என்று சிலர் விளக்குவது மட்டும் சரியில்லை; 60 டிகிரியில் லாக்டோஸ் உடையாது. இனிப்பை மூளைக்குச் சொல்லும் பாதையில் உள்ள ஒரு புரத வாசல் வெதுவெதுப்பில் கூடுதலாகத் திறக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். சர்க்கரை அதேதான். மாறுவது நாக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாக்கெட் பால் ஏற்கெனவே 72 டிகிரியில் 15 விநாடி வைத்துப் பதப்படுத்தப்பட்டது. வீட்டு வாசலில் கறந்து தரும் பால் அப்படி அல்ல. 60 டிகிரியை அரை நிமிடத்தில் தொட்டு நிற்கும் ஆவி அதிலுள்ள கிருமிகளுக்குப் போதாது. கறந்த பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்த பிறகே ஜக்கில் ஊற்றுங்கள்.

வால்வை மூடிய கணத்திலிருந்து நுரை சாகத் தொடங்குகிறது. குமிழ்களுக்கு இடையே உள்ள பால் கீழே வடிகிறது. சின்னக் குமிழுக்குள் அழுத்தம் அதிகம், பெரியதில் குறைவு. ஆகவே சின்னதன் காற்று மெல்ல மெல்லப் பெரியதற்குள் கசிந்து, இல்லாதவர் இன்னும் இல்லாமலும் இருப்பவர் இன்னும் கொழுத்தும் போவார்கள். டீக்கடையில் ஒரு கை உயரத்திலிருந்து ஆற்றும்போது விழும் தாரையும் காற்றை இழுத்துக்கொண்டுதான் போகிறது. ஆனால் அதன் குமிழ்கள் ஆரம்பத்திலேயே பெரியவை. டம்ளர் கைக்கு வருவதற்குள் பாதி வெடித்திருக்கும். நமக்கு அந்த நுரையும் பிடிக்கும் என்பது வேறு விஷயம். ஆவி விட்ட பாலுக்கு அரை நிமிடம்போல வாழ்வு கூடுதல், அவ்வளவே. ஜக்கை மேடையில் ஒரு தட்டு, கையில் நாலு சுழற்று, உடனே ஊற்று. ஃபோட்டோ பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஊற்றுவதற்கு முன் ஒரே ஒரு வேலை. வால்வை மூடியதும் குழாய்க்குள் மிச்சமிருக்கும் ஆவியும் குளிர்ந்து நீராகிச் சுருங்கும். அங்கே உண்டாகும் வெற்றிடம் ஜக்கிலிருக்கும் பாலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும். மேலே ஏறிய அந்தப் பால் உள்ளேயே காய்ந்து, அழுகி, நாளைய காபியில் வந்து விழும். ஜக்கை எடுத்த கையோடு ஈரத்துணியைச் சுற்றிக் குழாயைத் துடைத்து, முனையைத் தட்டுப் பக்கம் திருப்பி ஒரு விநாடி ஆவியைத் திறந்து விடுங்கள்.